வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிமோனியா சிகிச்சை: நோயாளியின் குடும்பத்திலிருந்து ஒரு மதிப்புரை

குடியாத்தத்தைச் சேர்ந்த என் மாமனார், வேலூர் நகரிலுள்ள நடுத்தர அளவிலான ஒரு தனியார் மருத்துவமனையில் நிமோனியாவுக்காக உள்நோயாளியாக இருந்து, நடுவே வந்த சிக்கல்களையும் கடந்து, நலமாக வீடு திரும்பியிருக்கிறார். அங்கே அவருக்குக் கிடைத்த சிகிச்சையையும் கவனிப்பையும் பற்றிய மதிப்புரை இது. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் உரியவை என்று எனக்குத் தோன்றாததால், ஒரே பெயரின்மீது அவற்றைச் சுமத்த மனம் வரவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மருத்துவர்களின் கணிப்பு நன்று, பிசியோதெரபி மிக நன்று, ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் ஏற்பாடும் இரவு நேரச் செவிலியர் எண்ணிக்கையும் போதாது.

நிமோனியாவுக்கு ஒரு மருத்துவமனை நல்லதா என்று விசாரிக்கும்போது, அங்கே என்ன ஊசி போடுகிறார்கள், எவ்வளவு விலையுள்ள ஆன்டிபயாடிக் தருகிறார்கள் என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறோம். முதல் நாள் தொடங்கும் மருந்து பல மருத்துவமனைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. சேர்த்த பிறகு நோயாளியை வீழ்த்துவது பெரும்பாலும் நோயோடு சேர்ந்து வருகிற, அல்லது அதன் பின்னால் வருகிற வேறு தொல்லைகள்: நுரையீரலைச் சுற்றி நீரும் சீழும் கோர்ப்பது, கிருமியின் தாக்கம் ரத்த ஓட்டத்தில் பரவி ரத்த அழுத்தம் சரிவது, சிறுநீரகம் தளர்வது, இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது, முதியவர்களுக்குப் புத்தி தடுமாறுவது, மருத்துவமனையிலேயே புதிய கிருமி ஒட்டிக்கொள்வது. இவற்றை எத்தனை மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைக் கொண்டே நான் அந்த மருத்துவமனையை அளந்தேன். நோயாளியைச் சேர்க்கும் எவரும் அப்படியே அளக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அவசரப் பிரிவில் அவர்கள் செய்தவற்றில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைப் பார்த்ததோடு நிற்காமல், பணியிலிருந்த இளம் மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, புதிதாகத் தோன்றிய குழப்பம், ரத்தத்தில் யூரியா உயர்வு, மேல் அழுத்தம் 90-க்குக் கீழாகவோ கீழ் அழுத்தம் 60-க்கு மேற்படாமலோ இருப்பது, 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது ஆகிய ஐந்தையும் கூட்டி மதிப்பிட்டுத்தான் ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாமா, வார்டில் வைக்கலாமா, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். மூச்சின் எண்ணிக்கையை மேலோட்டமாக 20 என்று எழுதிவிட்டால் அந்தக் கணக்கே பிழையாகிவிடும். ஆன்டிபயாடிக் ஊசி போடும் முன்பே எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சருக்கு மாதிரி எடுத்தார்கள், அதைக் காரணமாக்கி ஊசியையும் தாமதப்படுத்தவில்லை.

அதே மருத்துவர் மாமனாரின் வேட்டியைத் தளர்த்தச் சொல்லி, அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். சளிக்கும் காய்ச்சலுக்கும் வந்தவரை இப்படிச் சோதிப்பது குடும்பத்தாருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் வட ஆர்க்காட்டுப் பகுதியில் இது மிகத் தேவையான சோதனை. புதர்க்காடுகளில் இருக்கும் சிறு பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சல், மழைக்காலத்திலும் அதை அடுத்த குளிர் மாதங்களிலும் இங்கே நிறையக் காணப்படுகிறது. அது நுரையீரலைத் தாக்கும்போது எக்ஸ்ரேயில் நிமோனியா போலவே தெரியும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற, வலியில்லாத கருத்த பொருக்கு ஒன்று இருந்தால் நோய் பிடிபட்டுவிடும். நிமோனியாவுக்கு வழக்கமாகத் தரும் செஃப்ட்ரியாக்ஸோன் வகை ஊசிகள் அந்தக் கிருமியிடம் எடுபடுவதில்லை. டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். கடுமையான உண்ணிக் காய்ச்சலில் இவ்விரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துத் தருவதே தனித்தனியாகத் தருவதைவிடச் சிறந்தது என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. என் மாமனாருக்கு அந்தப் பொருக்கு இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் உண்ணிக் காய்ச்சல் இல்லையென்றே வந்தது. ஆனாலும் தேடிப் பார்த்தார்களே, அதற்கு முழு மதிப்பெண். நெடுநாள் சர்க்கரை நோயாளி என்பதால் காசநோய்க்குச் சளியையும் அனுப்பினார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சேற்றிலும் மண்ணிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி நிமோனியாவாக வருவதுண்டு என்பதையும் எங்களுக்கு விளக்கினார்கள்.

முதல் சில நாட்கள் தேறி வந்தவருக்கு மீண்டும் காய்ச்சல் ஏறியது. வலப்பக்க விலாவில் மூச்சை இழுத்தால் குத்துகிற வலி. பெரும் பாராட்டும் பெரும் குறையும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. நிமோனியா நோயாளி மூன்று நாட்களாகியும் தேறவில்லை என்றாலோ, தேறிய பிறகு மறுபடி காய்ச்சல் கண்டாலோ, உடனே மருந்தை மாற்றுவதைவிட எங்கே சிக்கல் என்று தேடுவதுதான் முறை. மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிமோனியா நோயாளிகளில் ஏறத்தாழ 20 முதல் 40 விழுக்காட்டினருக்கு நுரையீரலுக்கும் அதன் உறைக்கும் இடையே நீர் சேர்கிறது. பெரும்பாலோருக்கு அது சிறிதளவே, ஆன்டிபயாடிக்கிலேயே வற்றிவிடும். சிலருக்கு அதில் கிருமி புகுந்து சீழாகிறது. அந்த நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும்போது அதன் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2-க்குக் கீழே போயிருந்தாலோ, 100 மில்லி நீரில் சர்க்கரை 60 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தாலோ, கண்ணுக்கே சீழாகத் தெரிந்தாலோ, நெஞ்சுக்குள் டியூப் போட்டு வெளியேற்றாமல் மருந்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. நாள் கடத்தினால் உள்ளே நார்த் தடுப்புகள் உருவாகி, சீழ் சிறு சிறு அறைகளாகப் பிரிந்து நின்றுவிடும். பிறகு ஒரு டியூப் போதாது; தடுப்புகளைக் கரைக்கும் மருந்தை உள்ளே செலுத்த வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் அறுவை சிகிச்சைதான். நிமோனியாவில் நெஞ்சில் நீர் என்று சந்தேகம் வந்தால் பொழுது சாய்வதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று நுரையீரல் மருத்துவர்களிடையே ஒரு வழக்கே உண்டு.

சந்தேகம் வந்தது சனிக்கிழமை மாலை. சுற்றி வந்த பெரிய மருத்துவர் முதுகில் தட்டிப் பார்த்து, ஒலி மந்தமாக இருப்பதைக் கவனித்து, ஸ்கேன் எழுதினார். ஆனால் ஸ்கேன் மருத்துவர் திங்கட்கிழமைதான் வருவார் என்று கீழ்த்தளத்தில் சொல்லிவிட்டார்கள். படுத்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் நீர் பின்புறம் பரவி மங்கலாகத்தான் தெரியும். எவ்வளவு இருக்கிறது, அறைகளாகப் பிரிந்திருக்கிறதா, எந்த இடத்தில் ஊசி இறக்கலாம் என்பதையெல்லாம் அல்ட்ராசவுண்ட்தான் காட்டும். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஸ்கேன் கருவி பதிவு செய்யப்பட்டதாகவும் தகுதி பெற்றவரே இயக்குவதாகவும் இருக்க வேண்டும் என்பதை நான் அறிவேன். ஆகவே யாராவது ஒருவர் வந்து பார்த்துவிட முடியாது என்பதும் புரிகிறது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்தும் ஒரு மருத்துவமனை, விடுமுறை நாளில் அழைத்தால் வரக்கூடிய ஒருவரை ஏற்பாடு செய்யாமல் இருப்பதற்கு அந்தச் சட்டம் சமாதானம் ஆகாது. ஞாயிறு முழுவதும் வலியோடும் காய்ச்சலோடும் ஒரு முதியவர் காத்திருந்தார். திங்கள் காலையில் எடுத்த நீர் கலங்கலாக வந்தது. அன்றே டியூப் போட்டார்கள், நல்ல வேளையாகத் தடுப்புகள் உருவாகியிருக்கவில்லை. அது எங்கள் குடும்பத்துக்கு வாய்த்த நற்பேறு. மருத்துவமனையின் ஏற்பாட்டால் கிடைத்ததல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அவர்களுக்கு உயர்ந்த மதிப்பீடு தர முடியாமல் இருக்கிறேன்.

டியூப் போட்ட பிறகு நடந்த கவனிப்பு சிறப்பானது. நெஞ்சு நீர் வடியும் பாட்டிலில் உள்ள தண்ணீருக்குள் குழாயின் நுனி மூழ்கியிருக்க வேண்டும், பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், கழிவறைக்குப் போகும்போதும் அதை உயர்த்தக் கூடாது, மூச்சோடு சேர்ந்து குழாயில் நீர்மட்டம் ஏறி இறங்குவது நின்றால் உடனே சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் பகல் நேர மூத்த சிஸ்டர் என் மாமியாருக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். “அம்மா, நீங்க சொல்லிக் காட்டுங்க” என்று திரும்பக் கேட்டு, அவர் சரியாகச் சொன்ன பிறகே அடுத்த கட்டிலுக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணிக்கு இவ்வளவு மரியாதையோடு கற்றுக்கொடுத்த ஒருவரை, பெயர் குறிப்பிடாமலேனும் இங்கே வணங்கத் தோன்றுகிறது.

இரவுகளைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. பகலில் தெளிவாக இருந்தவர் இரவானதும் தறியில் பாவு அறுந்துவிட்டது, எழுந்து போக வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். லுங்கி நெசவிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். நிமோனியா கண்ட முதியவர்களுக்கு இந்தத் திடீர்க் குழப்பம் மிகச் சாதாரணமாக வரும். ஆக்சிஜன் குறைவு, காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தூக்கமின்மை, சில மருந்துகள் என ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் இருக்கும். கத்துகிறவரை எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். அதே குழப்பம் சிலருக்குப் பேச்சின்றி, உணவின்றி, எந்நேரமும் கண்மூடிக் கிடப்பதாக வரும்போது, நிம்மதியாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் கூடுதல் ஆபத்து. அந்த வார்டில் இரவில் ஒரே செவிலியர் இரண்டு கூடங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் நோயாளியின் கைகளைக் கட்டிப்போடவில்லை, மயக்க ஊசியும் போடவில்லை என்பது உண்மையில் பெரிய விஷயம். ஆனால் காரணத்தைத் தேட அவருக்கு நேரமும் இல்லை. மறுநாள் காலை மருத்துவர் வந்து, அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிறுநீர் தேங்கியிருப்பதைக் கண்டுபிடித்த பிறகே குழப்பம் தணியத் தொடங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுங்கள், பகலில் சன்னல் திரையைத் திறந்து வையுங்கள், பழகிய ஒருவர் பக்கத்திலிருந்து இன்ன ஊர், இன்ன நேரம் என்று சொல்லிக்கொண்டே இருங்கள் என்று அவர் சொன்னது எந்த மருந்துக்கும் குறையாமல் உதவியது.

உணவூட்டும் முறை எல்லா மருத்துவமனைகளும் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று. நம் வார்டுகளில் நோயாளிக்கு ஊட்டுகிறவர்கள் உறவினர்கள். அன்பின் மிகுதியால், படுத்திருப்பவரின் வாயிலேயே கஞ்சியை ஊற்றுகிறார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் முதியவரின் தொண்டை சரியாக மூடாது; கஞ்சியும் எச்சிலும் மூச்சுக்குழலுக்குள் இறங்கி, ஏற்கெனவே நலிந்திருக்கும் நுரையீரலில் புதிய நிமோனியாவை உண்டாக்கும். சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தோன்றும் நிமோனியாவை மருத்துவமனையில் பெற்ற நிமோனியா என்று தனியாகவே வகைப்படுத்துகிறார்கள், ஏனென்றால் அதற்குக் காரணமான கிளப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினிடோபாக்டர் போன்ற கிருமிகள் பல மருந்துகளுக்கு அடங்காதவையாக இருக்கக்கூடும். தடுக்கும் வழிகளோ எளியவை: நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது, ஊட்டி முடித்த பிறகும் சிறிது நேரம் அப்படியே வைத்திருப்பது, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, நாள்தோறும் பல்லையும் நாக்கையும் சுத்தம் செய்வது, தொடுகிறவர்கள் கை கழுவுவது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தப்பட்டிருந்ததையும், வாய் சுத்தம் செய்த நேரம் அட்டையில் எழுதப்பட்டிருந்ததையும் நானே பார்த்தேன். அதே மருத்துவமனையின் பொது வார்டில் கட்டிலை உயர்த்தும் கைப்பிடி உடைந்திருந்தது. விழுங்கும் திறனைச் சோதிக்க எவரும் முன்வரவில்லை. நாங்கள் கேட்ட பிறகே ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் கரகரக்கிறதா என்று பார்த்தார்கள். கூடுதல் செலவே இல்லாத இந்தக் காரியத்தை ஒவ்வொரு முதியவருக்கும் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மாமனார் இருந்த காலம் குறுகியது. ரத்த அழுத்தம் சரிந்தபோது மாற்றினார்கள், நிலைப்பட்டதும் திரும்ப அனுப்பினார்கள். சிறுநீரின் அளவை மணிதோறும் குறித்தார்கள். நெஞ்சுவலி என்று அவர் வாய்திறந்து சொல்லாதபோதும் இ.சி.ஜி. எடுத்தார்கள். நிமோனியாவின்போதும் அதைத் தொடர்ந்த வாரங்களிலும் மாரடைப்புக்கும் துடிப்புக் கோளாறுக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் அது வீண் செலவல்ல. வயிற்றுத் தோலில் தினமும் போட்ட ஊசி, படுத்தே கிடப்பதால் காலில் ரத்தம் உறையாமல் தடுப்பதற்கானது என்பதை மட்டும் எவரும் தாமாகச் சொல்லவில்லை. என் கணவர் விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு நாளும் நண்பகலில் ஒரு மருத்துவர் வெளியே வந்து உறவினர்களிடம் உட்கார்ந்து பேசும் வழக்கம் அங்கே இருக்கிறது, அதை அவர்கள் ஒருநாளும் தவறவிடவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பற்றி எழுதாமல் போனால் இந்த மதிப்புரை முறையாகாது. டியூப் இருக்கும்போதே மாமனாரைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்காரவைத்தவர் அவர். மூன்று பந்துள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், ஊதக் கூடாது, மெதுவாக உள்ளிழுக்க வேண்டும் என்று உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினார். விலா வலிக்கும் இடத்தில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்தார். வலி இருந்தால் முதலில் வலி மாத்திரை, பிறகே பயிற்சி என்று சிஸ்டரிடம் வாதாடவும் செய்தார். வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் சளி அடியிலேயே தங்கி நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கிவிடும் என்பதை அறிந்தவர் செய்கிற வேலை அது.

செலவைப் பொறுத்தவரை, டியூப், ஸ்கேன், தீவிர சிகிச்சை ஆகியவற்றுக்குத் தனித்தனியாக ரசீது கொடுத்தார்கள். கேட்ட கணக்கையெல்லாம் மறைக்காமல் காட்டினார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான முகப்பு அங்கே உண்டு. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் அந்த உதவிக்கு அட்டை இருப்பவர்கள், எவை திட்டத்துக்குள் வரும் என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இயலாதவர்களுக்கு அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது என்பதை இங்கேயே நினைவூட்டுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அறிக்கை தெளிவாக இருந்தது. எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த மருந்துக்கு அது கட்டுப்படுகிறது, எதை எத்தனை நாள் தொடர வேண்டும், காசநோய்ப் பரிசோதனையின் முடிவு என்ன என்பவை எல்லாம் அதில் இருந்தன. எப்போது உடனே திரும்பி வர வேண்டும் என்பதைத் தமிழிலேயே தனித்தாளில் எழுதிக் கொடுத்தார்கள்: மீண்டும் காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்குதல், சளியில் ரத்தம் அல்லது துர்நாற்றம், ஒரு காலில் மட்டும் வீக்கம், புதிய குழப்பம். எக்ஸ்ரேயில் நிழல் மறையப் பல வாரங்கள் ஆகும், முதியவர்களுக்கு இன்னும் தாமதமாகும், ஆகவே அடுத்த வாரமே எடுத்துப் பார்த்து அஞ்ச வேண்டாம், ஆறு வாரம் கழித்து எடுத்தால் போதும் என்று சொன்னது எங்கள் பதற்றத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தியது. அந்த எக்ஸ்ரே தேவையில்லாத சடங்கல்ல. நிழல் அப்போதும் மறையாமல் நின்றால் அதன் பின்னால் கட்டியோ காசநோயோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும், புகைபிடித்தவர்களுக்கு முக்கியமாக. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசியும் ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளச் சொல்லி அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். குழந்தைகளுக்கு அரசு 2017 முதல் படிப்படியாக இலவசமாகப் போட்டுவரும் நிமோகாக்கஸ் தடுப்பூசி பெரியவர்களுக்கும் உண்டு என்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாத செய்தி.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து நிமோனியாவுக்காக ஒருவரை இங்கே சேர்க்கலாமா என்று கேட்டால், வார நாளில் தயங்காமல் சேருங்கள் என்பேன். வெள்ளிக்கிழமை இரவோ சனிக்கிழமையோ சேர்க்க வேண்டிவந்தால், ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு ஸ்கேன் எடுக்கவும் டியூப் போடவும் ஆள் இருக்கிறார்களா என்று சேர்க்கைச் சீட்டு எழுதும் முன்பே கேளுங்கள்; இல்லையென்று சொன்னால், அந்த வசதியுள்ள இடத்துக்கு அப்போதே, நோயாளி பயணம் தாங்கும் நிலையில் இருக்கும்போதே, ஆக்சிஜனோடு 108-இல் அழைத்துச் செல்லுங்கள். இரவில் உடனிருக்க ஒருவரைக் கட்டாயம் ஏற்பாடு செய்யுங்கள். ஸ்கேன் தாமதத்தையும் உடைந்த கைப்பிடியையும் இரவுப் பணியாளர் குறைவையும் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். மறுபரிசோதனைக்குப் போனபோது கட்டில்களின் கைப்பிடிகள் மாற்றப்பட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் பற்றி இன்னும் பதில் வரவில்லை.